பதினைந்து மீட்டர்

திரையில் நீலம் மட்டும் வந்து, அதன் நடுவில் ‘நோ சிக்னல்’ என்ற எழுத்து நின்றபோது தமிழ்ச்செல்விக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவள் கணவன் ராஜ்குமார் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை டிவிக்கு நேர் முன்னால் இழுத்துப் போட்டு, ரிசல்ட் பார்க்க வந்த பையனைப் போல முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் சீனுவாசன் டிவிக்குப் பின்னால் குனிந்திருந்ததில் அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. தரை முழுக்க பதினைந்து மீட்டர் கேபிள் பிரிந்து கிடந்தது. கடைக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டித் தாண்டிக் காலை வைத்தார்கள்.

“இன்னொரு வாட்டி கழட்டி மாட்டிப் பாருங்க,” என்றான் ராஜ்குமார்.

“மூணு வாட்டி மாட்டிட்டேன் சார்.” சீனுவாசன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “அஞ்சு மீட்டருன்னா கண்ண மூடிக்கினு எடுத்துக் குடுப்பேன். பத்தத் தாண்டிட்டா இந்த எச்டிஎம்ஐ கேபிளுங்க படுத்தி எடுத்துடும். ஒயரு நீள நீள படம் வலு இல்லாம பூடும். ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. உங்களுக்கு எந்த ரூமுக்குப் போவுது?”

“பின்னாடி ரூமுக்கு.”

“அஞ்சு மீட்டரே போதுங்க. ஹால்லயே வச்சிக்கலாம்,” என்றாள் தமிழ்ச்செல்வி.

“நீ சும்மா இரு தமிழு,” என்றான் அவன் திரும்பாமலே.

ஒரு மாதமாக அவர்களுடைய சண்டை எல்லாம் கேபிள் பேச்சாகத்தான் நடந்தது. திண்டிவனத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஊருக்குக் கொஞ்சம் வெளியே சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜ்குமாருக்கு உரக்கடை, அவளுக்குக் கூட்டுறவு சங்கத்தில் வேலை. கீழே ஹால், சமையல்கட்டு, தங்களுக்கு ஒரு ரூம், பின்பக்கம் இன்னொரு ரூம். மாடியில், ஹாஸ்டலில் பிளஸ் டூ படிக்கும் பையனுக்கு ஒன்று. டிஷ் ஒயரும் இன்வெர்ட்டர் லைனும் ஹாலில் இருக்கும் சிமெண்ட் ஷோகேஸில்தான் இறங்கின. கூரைக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டது, இனி அதை மாற்ற முடியாது. ஆக டிவிடி பிளேயர், ஆம்ப்ளிஃபையர், டிஷ் பெட்டி எல்லாம் ஹாலில்தான். அங்கிருந்து படத்துக்கான கேபிளை எங்கே கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. ஹால் சுவரில் டிவி என்றால் ஐந்து மீட்டர் போதும். பின்ரூமைத் தியேட்டர் ஆக்கினால், சுவரேறி, நடையைக் கடந்து, வாசலுக்கு மேலாக உள்ளே இறங்கப் பதினைந்து வேண்டும். கேபிளின் தலை பெரிது, பிற்பாடு பைப்புக்குள் நுழையாது. அதனால் சுவர் பூசுவதற்கு முன்பே பைப்போடு சேர்த்துப் பதித்துவிட வேண்டும். மறுநாள் காலை மேஸ்திரி பூச்சு வேலையை ஆரம்பிக்கிறார்.

அந்தப் பின்ரூம் தமிழ்ச்செல்வியின் அக்கா ஜெயம்மாளுக்கென்று கட்டியது. ஐந்து மீட்டர் வாங்கினால் அக்கா அந்த வீட்டுக்கு வருவாள். பதினைந்து வாங்கினால் அவளுக்கு அங்கே இடம் இல்லை. கேபிளை வைத்து இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் இதைத்தான்.

தமிழ்ச்செல்வி கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். கல்யாணமான ஆறே மாதத்தில் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த ஜெயம்மாள்தான் தங்கையைத் தூக்கி வளர்த்தாள். முகையூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை. அடுப்புக்கும் அண்டாவுக்கும் நடுவில் நின்று நின்று முட்டி இரண்டும் போய்விட்டன. இந்த மாதத்தோடு வேலையும் முடிகிறது. வீட்டுக்கு வாசக்கால் வைத்த அன்று, புருஷனோடு வாழாத தான் முன்னால் நிற்கக் கூடாது என்று ஜெயம்மாள் செங்கல் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். ராஜ்குமார்தான் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கையோடு கூட்டிவந்து, “நீங்கதான்க்கா மஞ்சள் பூசணும். பின்னாடி ரூமு உங்களுதுதான்,” என்றான். அவன் பக்கத்துச் சனங்கள் முகத்தைச் சுளித்தபோதும் அசையவில்லை. அன்றைக்கு அவன்மேல் தமிழ்ச்செல்விக்கு வந்த ஆசை, கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை. அந்த ரூமில் ஒரு ஃபேன், ஒரு லைட், படுத்தபடியே கை எட்டும்படி கட்டில் தலைமாட்டில் ஒரு சுவிட்ச் என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னதும் அவன்தான்.

பிறகு பாண்டிச்சேரியில் ஒரு உரக் கம்பெனி ஏஜெண்டின் வீட்டுக்கு விருந்துக்குப் போய்வந்தான். ஜன்னலே இல்லாத ஒரு ரூம், சுவரை நிறைக்கிற டிவி, மூலைக்கு ஒரு ஸ்பீக்கர். அங்கே உட்கார்ந்து பாதிப் படம் பார்த்துவிட்டு வந்தவன் அன்றிரவு சாப்பிடவில்லை. சின்ன வயதில் வளவனூரில் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிவியில் ஒளியும் ஒலியும் பார்த்ததையும், அந்த வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தியதில் விரல் நசுங்கியதையும் அவன் அவளிடம் முன்பே சொல்லியிருக்கிறான். அந்த ஆசை தப்பு என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் ஆசைக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. ஒரே ஒருமுறை அது வாயில் வந்துவிட்டது. “வந்து பத்து நாளு இருந்துட்டுப் போனா நான் இன்னா வேணாம்னா சொல்றேன்? ஆயுசு முழுக்கன்னா யோசிக்கத் தோணாதா? மாடில ஒரு ரூமு எடுத்துக் குடுத்துடலாம் தமிழு.” மாடிக்கு அக்காவால் ஏற முடியாது என்பது அவனுக்கும் தெரியும். அவள் ஒன்றும் பதில் பேசவில்லை. பேசியிருந்தால் அன்றே தீர்ந்திருக்குமோ என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள். அதற்குப் பதிலாக அவள் வேறொரு காரியம் செய்திருந்தாள். இன்றைக்கு விழுப்புரம் வந்து, நேராக இந்தக் கடைக்கே வரும்படி அக்காவிடம் போனில் சொல்லியிருந்தாள். ரூமுக்கு என்ன கலர் அடிப்பது என்று வந்து பார், என்று. அக்காவின் முகத்துக்கு நேரே அவனால் பதினைந்து மீட்டர் கேட்க முடியாது என்பது அவள் கணக்கு. இது அவனுக்குத் தெரியாது.

“தடியா ஒன்னு இருக்குது சார்,” என்றார் சீனுவாசன். “நடுவுல பூஸ்டர் வச்சது. விலை ஜாஸ்தி. பாக்கறீங்களா?”

“அத்த மொதல்லயே எடுக்கறதுக்கு இன்னா?”

சீனுவாசன் உள்ளே போய் கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள் சுருளைக் கொண்டுவந்து, உறையைக் கிழித்து, ஒரு முனையைப் பிளேயரில் மாட்டினார். மறுமுனையை டிவிக்குக் கொண்டுபோகும்போது எல்லாம் அணைந்தது. ஃபேன் கடைசியாக இரண்டு சுற்று சுற்றி நின்றது. அந்த வருடம் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். கடைத்தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன.

“ஒரு மணி நேரம் ஆவும் சார். என் ஜெனரேட்டரு ரிப்பேரு. டீ சொல்லட்டா?”

“வேற கடைக்குப் போலாங்க,” என்று தமிழ்ச்செல்வி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா வரும்வரை அவனை இங்கேயே உட்கார்த்தி வைக்க வேண்டியிருந்தது. புழுக்கத்தில் டீ வந்தது. தடித்த கேபிள் ராஜ்குமாரின் காலடியில் கிடந்தது. அவன் அதன் தங்கக் கலர் தலையைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். டீ தீர்வதற்குள் ஜெயம்மாள் வந்துவிட்டாள். ரோட்டிலிருந்து இரண்டே படிதான். பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வைத்து ஏறினாள்.

ராஜ்குமார் ஸ்டூலை விட்டு எழுந்தான். “வாங்கக்கா,” என்றான். பிறகு தமிழ்ச்செல்வியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவள் செய்தது முழுக்கத் தெரிந்துவிட்டது என்று இருந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

“நீங்களும் இருக்கீங்களா தம்பி! கடைய உட்டுட்டு வரமாட்டீங்கன்னு நெனச்சேன்.” ஜெயம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டி, முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். மடியிலிருந்த பையிலிருந்து மல்லாட்டை என்று அவள் சொல்லும் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து முதலில் சீனுவாசனுக்கு நீட்டினாள். யார் கடைக்குப் போனாலும் இப்படித்தான்.

“புது வீடாம்மா?” என்று சீனுவாசன் கேட்டார். கரண்ட் இல்லாத நேரத்தில் அவருக்குப் பேச்சுத்தான் வியாபாரம்.

“ஆமாம்பா. தங்கச்சி வீடு. எனக்கும் ஒரு ரூமு வச்சிருக்காங்க. பின்னாடி ரூமு.” அவள் ராஜ்குமாரைக் காட்டினாள். “இவரு மாதிரி யாருப்பா செய்வாங்க? கூடப் பொறந்தவனே செய்யமாட்டான். வாசக்கால் வைக்கிற அன்னிக்கு அத்தினி பேரு நிக்கிறாங்க, என்னக் கூப்புட்டு மஞ்சள் பூச வச்சாரு. வெள்ளைக் கலரு வேணாம் தமிழு, கண்ணு கூசுது. லேசாப் பச்சை அடிச்சாப் போதும்.”

சீனுவாசன் உடைத்த மல்லாட்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார். பின்னாடி ரூமுக்கு என்று சற்றுமுன் அவரிடம் சொன்ன குரல் இன்னும் அந்தக் கடையில்தான் இருந்தது. அவர் ராஜ்குமாரைப் பார்த்தார், தமிழ்ச்செல்வியைப் பார்த்தார், பிறகு கல்லாவுக்குப் பின்னால் போய் எதையோ தேட ஆரம்பித்தார். ராஜ்குமார் டீ கிளாஸின் அடியில் இருந்த சர்க்கரையைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

“இருக்கற வூட்டுக்காரருகிட்ட சொல்லிட்டேன் தமிழு,” என்றாள் ஜெயம்மாள். “இந்த மாசத்தோட காலி பண்றேன்னு. அவரும் வேற ஆளுக்கு வுட்டுட்டாரு. கண்டாச்சிபுரத்துலேர்ந்து ஒரு வாத்தியாரு வந்து பாத்துட்டு அட்வான்சு குடுத்துட்டுப் போய்ட்டாரு.”

இது தமிழ்ச்செல்விக்குத் தெரியாத சேதி. “ஏன்க்கா இவ்ளோ ஜல்தியா சொன்ன?”

“பின்ன இன்னா, கடைசி நேரத்துல போய் நின்னா அவரு பாவமில்ல?”

இப்போது சொல்லுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அஞ்சு மீட்டரே குடுத்துடுங்க, என்று மூன்றே வார்த்தை. அவன் வாய் திறக்கத்தான் செய்தது. “கரண்ட் எப்ப வரும்?” என்று கேட்டான். அவனை அந்த இடத்திலேயே உலுக்க வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவனை உலுக்கினால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். அக்காவுக்குத் தெரியாமல் காப்பாற்றவும் வேண்டும், அதே அக்கா முன்னால் அவனைக் கூச வைக்கவும் வேண்டும் என்று தான் போட்ட கணக்கு எவ்வளவு கோணல் என்பது அவளுக்கு அந்தப் புழுக்கத்தில் உறைத்தது. கைப்பையின் ஜிப் கையோடு பிய்ந்து வந்தது.

கரண்ட் வந்தது. ஃபேனும் டியூப்லைட்டும் எழுந்தன. சீனுவாசன் தயங்கித் தயங்கித் தடித்த கேபிளின் மறுமுனையை டிவியில் மாட்டினார். முதலில் நீலம். தமிழ்ச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே இரு, அப்படியே இரு, என்று அந்த நீலத்திடம் கெஞ்சினாள். திரை ஒருமுறை கறுத்தது. பிறகு ஒரு மலையும் அதிலிருந்து கொட்டுகிற தண்ணீரும் வந்தன. ஒரு புள்ளி இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. பாறையில் ஒட்டிய பாசியின் ஈரம்கூடத் தெரிந்தது.

“யம்மா, இன்னா தெளிவா தெரியிது!” என்றாள் ஜெயம்மாள்.

“படம் வருது சார்,” என்றார் சீனுவாசன். டிவியைப் பார்க்காமல் அவனைப் பார்த்துச் சொன்னார். “ஆனா சுவத்துக்குள்ள போட்டா எத்தினி நாளைக்கு வரும்னு நான் கேரண்டி குடுக்க முடியாது. போச்சுன்னா சுவத்தத்தான் ஒடைக்கணும். நல்லா யோசிச்சிக்குங்க. அஞ்சு மீட்டருன்னா பிரச்சினையே கெடையாது.”

“பில்லு போடுங்க,” என்றான் ராஜ்குமார்.

காரின் பின்சீட்டில் அன்று வாங்கிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் ஜெயம்மாளுக்குக் கொஞ்சம்தான் இடம் கிடைத்தது. கேபிள் சுருளை வைக்க இடமில்லாமல் அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். அது நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. அங்கே நின்றபோதுதான் அவள் கேட்டாள்.

“இத்த எங்க தம்பி மாட்டப் போறீங்க?”

“ஹால்லேர்ந்து உள்ள போவுதுக்கா.”

“உள்ளன்னா எங்க?” என்று கேட்டது தமிழ்ச்செல்வி. “அக்கா கேக்குதுல்ல? சொல்லுங்க. உள்ளன்னா எங்க?”

முன்னால் வரிசை நகர்ந்தது. ராஜ்குமார் ஹாரனை அழுத்தினான், தேவையில்லாமல் மறுபடியும் அழுத்தினான். தமிழ்ச்செல்வி கண்ணாடியில் பார்த்தாள். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரும்பு லாரி ஒன்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். திண்டிவனம் வரை அவள் வாய் திறக்கவில்லை. வழியெல்லாம் எதையாவது பேசிக்கொண்டே வருகிறவள்.

புது வீட்டில் எலக்ட்ரீஷியன் வீரமுத்து ஏணியோடு காத்திருந்தான். “வாங்க சார், மேஸ்திரி காலையில ஆரம்பிச்சிடுவாரு. இன்னிக்கே உள்ள தள்ளிப்புடணும்.”

உள்ளே நுழைந்த தமிழ்ச்செல்வி ஹாலின் நடுவில் நின்றுவிட்டாள். ஷோகேஸிலிருந்து புறப்பட்டு, சுவரில் ஏறி, நடையைத் தாண்டி, பின்ரூம் வாசலுக்கு மேலே உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது ஒரு காடி. பைப் பதிக்க நாலு விரல் அகலத்துக்குச் சுவரைக் கொத்தி எடுத்திருந்தார்கள். செங்கல்லின் சிவப்பு புதிதாகத் தெரிந்தது. தரையில் தூள் பெருக்கப்படாமல் கிடந்தது.

“இது எப்ப வெட்டினது?”

“நேத்தே சார் சொல்லிட்டாரேக்கா,” என்றான் வீரமுத்து.

நேற்றே. அப்படியென்றால் கடையில் அவள் பிடித்துவைத்த மூச்சு, நீலத்திரையிடம் கெஞ்சியது, எல்லாவற்றுக்கும் முந்தியே இந்தச் சுவர் உடைந்து கிடந்திருக்கிறது. அவள் ராஜ்குமாரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் செல்போனை எடுத்து, அணைந்திருந்த அதன் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயம்மாள் கேபிளை வாசலிலேயே தங்கையிடம் கொடுத்துவிட்டு மெதுவாக உள்ளே வந்தாள். ஷோகேஸின் பக்கத்தில் நின்று, காடி போகிற வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனாள். நடைக்கு வந்தபோது நின்று, எட்டுகிற உயரத்தில் இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். விரலில் சிவப்பு ஒட்டியது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பின்ரூம் வாசலில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

“பைப்புல வுடறதுக்கு முன்னாடி தரையிலயே ஒரு தபா இழுத்துப் பாத்துடலாம் சார். எட்டலன்னா பேஜாராப் பூடும்,” என்றான் வீரமுத்து, ஏணியின் முதல் படியில் காலை வைத்தபடி.

“அக்கா,” என்றான் ராஜ்குமார். “நான் சொல்லணும்னுதான்… மாடில உங்களுக்கு…”

“இருங்க தம்பி. மொதல்ல இது எட்டுதான்னு பாப்போம்.” ஜெயம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். “தமிழு, அந்த நுனிய இப்பிடிக் குடு.”

தமிழ்ச்செல்வி அக்காவின் முகத்தில் கோபத்தைத் தேடினாள். துளி கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு இந்தச் சுவர்களே அதிரும்படி கத்தியிருப்பாள். கிடைக்கவில்லை. அண்டாவை இறக்க ஒரு கை கேட்கிறவளைப் போல ஜெயம்மாள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கேபிளின் தலையை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டு, நொண்டி நொண்டி அந்த ரூமுக்குள் போனாள். தமிழ்ச்செல்வியின் கையிலிருந்து சுருள்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, செங்கல் தூளில் புரண்டு, அக்காவின் பின்னாலேயே போயின.

“வுடு தமிழு,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பூசாத ரூமில் அது பெரிதாகக் கேட்டது. “இன்னும் கொஞ்சம் வுடு. சுவரு வரைக்கும் வந்துட்டேன். ஒரு சாண்தான் கொறையுது.”

கடைசிச் சுருள் தமிழ்ச்செல்வியின் கையில் இருந்தது. அதை விடத்தான் கையைத் தளர்த்தினாள். விரல்கள் கேட்கவில்லை. உள்ளேயிருந்து அக்கா இழுத்தாள். தரையில் கிடந்த கேபிள் தூளை உதறிக்கொண்டு எழுந்து, ஹாலுக்கும் அந்த ரூமுக்கும் நடுவில் முட்டி உயரத்துக்கு நேராக நின்றது. வீரமுத்து ஏணியிலிருந்து பார்த்தான். ராஜ்குமார் அவளுடைய கையைப் பார்த்தான்.

“தமிழு, எங்கியாவது மாட்டிக்கினு இருக்குதா பாரு,” என்றாள் ஜெயம்மாள் உள்ளேயிருந்து.

கேபிள் உள்ளங்கையை அறுத்தது. தமிழ்ச்செல்வி அதை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி நின்றாள்.